பூட்டு வலுவானது, ஆபத்து திறக்கும் நொடியில்

ஈத்தரியம் வைத்திருப்பவர்கள் உலாவியில் பொருத்திக்கொள்ளும் மெட்டாமாஸ்க் போன்ற வாலட் நீட்டிப்புக்குள் ஒரு நாணயம்கூட இருப்பதில்லை. யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் நகல்களாகப் பரவியிருக்கும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. நீட்டிப்பு காத்து நிற்பது 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணை. தனிச் சாவி எனப்படும் அந்த எண்ணால் கையொப்பமிட்டு வரும் கட்டளையைப் பேரேடு மறுபேச்சின்றி நிறைவேற்றிவிடும். வங்கிக் கணக்கில் மோசடி நடந்தால் புகார் செய்யலாம், கணக்கை முடக்கச் சொல்லலாம். இங்கே முறையிட ஆளில்லை. எண் யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஆகவே அந்த எண்ணைப் பத்திரமாகச் சேமிப்பது எப்படி என்பது வாலட் தொழில்நுட்பத்தின் மையக் கேள்வியாகிறது. பலரும் இதை மறையாக்கத்தின் வலிமை பற்றிய கேள்வியாகப் பார்க்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் நடந்த திருட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு முடிவு கிடைக்கிறது. பூட்டிய நிலையில் சாவியைக் காப்பதற்கான கணிதம் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. சாவி பிறக்கும்போதும், தட்டச்சு செய்யப்படும்போதும், கையொப்பமிடும்போதும் மூடியில்லாமல் வெளியே இருக்கிற நேரம்தான் திருடர்களுக்கு வாசலாகிறது. ஒரு வாலட்டின் தரத்தை அந்த நேரம் எவ்வளவு குறுகியது, அந்த இடங்கள் எவ்வளவு குறைவு என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

முதலில், பூட்டப்பட்ட சாவி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். குரோம் உலாவி ஒவ்வொரு நீட்டிப்புக்கும் தனிச் சேமிப்பிடம் ஒதுக்குகிறது. ஓர் இணையதளம் அதற்குள் நுழைய முடியாது; இன்னொரு நீட்டிப்பும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் இந்தச் சுவர் உலாவிக்குள் மட்டுமே நிற்கிறது. உலாவிக்கு வெளியிலிருந்து பார்த்தால், அந்தச் சேமிப்பிடம் பயனரின் கணினியில் ஒரு கோப்புறைக்குள் கிடக்கும் சில சாதாரணக் கோப்புகள். அந்தப் பயனரின் பெயரில் இயங்கும் எந்த நிரலும் அவற்றை நகலெடுத்துவிடலாம். இச்சேமிப்பு மறையாக்கம் செய்யப்படுவதில்லை, ரகசியத் தகவல்களை இதில் வைக்க வேண்டாம் என்று கூகுளின் நிரலாளர் ஆவணமே எச்சரித்திருக்கிறது. திருடர்களுக்கும் இது தெரியும். 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறையும் அமெரிக்காவின் எஃப்பிஐயும் வேறு நாடுகளோடு சேர்ந்து முடக்கிய ‘ரெட்லைன்’ என்ற தீநிரலின் வேலைகளில் ஒன்று, கணினியில் புகுந்து வாலட் நீட்டிப்புகளின் கோப்புறைகளை அள்ளிக்கொண்டு போவதுதான். எனவே பொறுப்பான வாலட் எதுவும், தன் கோப்பு ஒருநாள் திருடன் கையில் சிக்கும் என்று வைத்துக்கொண்டே வடிவமைக்கப்பட வேண்டும்.

அப்படிச் சிக்கினாலும் பயனில்லாமல் செய்வதற்குத்தான் மறையாக்கம். மெட்டாமாஸ்க் பின்பற்றும் முறை பொதுவானது, வெளிப்படையானது. பயனரின் கடவுச்சொல்லோடு ஒரு தற்செயல் எண் சேர்க்கப்படுகிறது. ‘சால்ட்’ எனப்படும் இந்த எண்ணால், ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இரண்டு பேரின் பெட்டகங்கள்கூட வெவ்வேறாக அமையும். இந்தக் கலவை பிபிகேடிஎஃப்2 என்ற செயல்முறை வழியாகப் பல்லாயிரம் முறை அரைக்கப்பட்டு, 256 பிட் மறையாக்கச் சாவியாக வெளிவருகிறது. அதைக்கொண்டு ஏஇஎஸ் என்ற முறையில் ரகசியம் பூட்டப்படுகிறது. இதில் கையாளப்படும் ஜிசிஎம் வகைமைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பூட்டிய தரவில் யாராவது ஒரு பிட்டை மாற்றினாலும் திறக்கும்போது அது தெரிந்துவிடும். கோப்பில் எஞ்சுவது மறைகுறித் தரவும், சால்டும், பூட்டும்போது பயன்பட்ட தொடக்க எண்ணும்தான். ஏஇஎஸ் பூட்டை நேரடியாக உடைக்க இன்றைய கணினிகளால் இயலாது. அதனால் திருடன் பூட்டை விட்டுவிட்டுக் கடவுச்சொல்லை ஊகிக்கிறான். ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே பல்லாயிரம் சுற்று அரைப்பை அவனும் செய்தாக வேண்டும் என்பதுதான் அவனுக்கு வைக்கப்பட்ட முட்டுக்கட்டை.

அந்த முட்டுக்கட்டை எவ்வளவு உறுதியானது? ஒரு நல்ல வரைகலை அட்டை வினாடிக்கு 900 கோடி சுற்றுகள் அரைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மெட்டாமாஸ்க் நெடுங்காலம் 10,000 சுற்றுகளையே பயன்படுத்தியது. அந்த நிலையில் திருடன் வினாடிக்கு 9 லட்சம் கடவுச்சொற்களை முயன்று பார்க்கலாம். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளால் அமையும் கடவுச்சொற்கள் மொத்தம் ஏறக்குறைய 20,900 கோடி. அத்தனையையும் முயல அவனுக்கு மூன்று நாள்கூட ஆகாது. பின்னர் சுற்றுகள் 6 லட்சமாக உயர்த்தப்பட்டன. இது ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை. இப்போது அதே வேலைக்கு ஐந்து மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். முன்னேற்றம்தான், ஆனால் ஓர் அட்டைக்குப் பதில் நூறு அட்டைகளை வாடகைக்கு எடுப்பவனுக்கு அது இரண்டு நாள் வேலை. மாறாக, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து சொற்களைத் தேர்ந்து கடவுச்சொல்லாக வைத்தால், அந்த ஒற்றை அட்டை எல்லாவற்றையும் முயன்று முடிக்க 6 கோடி ஆண்டுகள் ஆகும். சுற்றுகளை எத்தனை மடங்கு கூட்டுகிறோமோ அத்தனை மடங்கே திருடனின் செலவு ஏறுகிறது. கடவுச்சொல்லில் தற்செயலாகத் தேர்ந்த ஒரு சொல்லைக் கூட்டுவது அதை ஏழாயிரம் மடங்காக்குகிறது. கிடங்கில் கிடக்கும் சாவியைக் காப்பதில் கடைசிச் சொல் கணிதத்துக்குத்தான். அது பயனர் தரும் கடவுச்சொல்லின் அளவுக்கே வேலை செய்யும்.

இது ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் காப்பகத்தின் மறையாக்கம் செய்த பெட்டகங்களின் காப்புப் பிரதிகள் திருடுபோனதை அந்நிறுவனம் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. புதிய கணக்குகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் இருந்தன. பழைய கணக்குகள் சிலவற்றில் அது 5,000 அல்லது அதற்கும் கீழேயே நின்றுபோயிருந்தது. அதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பெட்டகத்தில் இருந்த இணையதள முகவரிகள் மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தன. யார் கிரிப்டோ சந்தைகளைப் பயன்படுத்துகிறார், எந்தப் பெட்டகத்தை உடைக்க மின்சாரம் செலவழிக்கலாம் என்பதைத் திருடன் திறக்காமலே தெரிந்துகொள்ள அது வழிகாட்டியது. வாலட் நீட்டிப்பிலும் இதே நிலை வரலாம். கணக்கு முகவரிகளைத் திறந்தபடி சேமித்தால், ஒவ்வொரு முகவரியிலும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொதுப் பேரேடே சொல்லிவிடும். ரகசியத்தைச் சுற்றியிருக்கும் விவரங்களும் ரகசியத்தின் பகுதி என்று கொள்வதே சரியான வடிவமைப்பு.

இதுவரை பார்த்தது பூட்டிய நிலை. இனி திறந்திருக்கும் தருணங்கள். அவற்றில் முதலாவது சாவியின் பிறப்பு. பெரும்பாலான வாலட்டுகள் 2013இல் வகுக்கப்பட்ட பிஐபி-39 என்ற நெறியைப் பின்பற்றி, சாவியின் மூலத்தை, மீட்புச் சொற்கள் எனப்படும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாகப் பயனரிடம் தருகின்றன. பட்டியலில் 2,048 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 11 பிட். பன்னிரண்டு சொற்களில் வரும் 132 பிட்டில் 4 பிட் பிழை சரிபார்ப்புக்கு. மீதி 128 பிட் முழுவதும் தற்செயலாக அமைய வேண்டும். அத்தனை சேர்க்கைகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. அந்த ‘வேண்டும்’ என்பதில்தான் சிக்கல். ட்ரஸ்ட் வாலட் நிறுவனத்தின் உலாவி நீட்டிப்பில் 2022 நவம்பர் 14 முதல் 23 வரை உருவான கணக்குகளுக்கு, 32 பிட் மட்டுமே உள்ள தொடக்க எண்ணிலிருந்து சொற்கள் தேர்வாகியிருந்தன. லெட்ஜர் நிறுவனத்தின் ஆய்வுக் குழு இதைக் கண்டுபிடித்தது. 32 பிட் என்றால் சுமார் 429 கோடி வாய்ப்புகள். சாதாரணக் கணினியே எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடும். ஏறத்தாழ 1,70,000 டாலர் திருடுபோனது. நிறுவனம் ஈடுசெய்வதாக அறிவித்தது. அந்தப் பயனர்கள் எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் திருடன் அவர்களின் கோப்பைத் தொடவே இல்லை. பார்வைக்கு அந்தப் பன்னிரண்டு சொற்களில் எந்தக் குறையும் தெரியாது என்பதால், பயனர் இதைச் சோதித்தறியவும் வழியில்லை.

இரண்டாவது தருணம், வாலட் திறந்திருக்கும் வேளை. கையொப்பமிட வேண்டுமானால் சாவி மறையாக்கம் நீங்கிக் கணினியின் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். நீட்டிப்புகள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு சொற்சரத்தைப் பயன்படுத்தியபின் அழித்தெழுத முடியாது. நினைவகத்தைத் துப்புரவு செய்யும் ஏற்பாடு எப்போது வரும் என்பதும் நிரலாளர் கையில் இல்லை. இதோடு குரோம் கொண்டுவந்த புதிய நீட்டிப்பு விதிகள் வேறொரு நெருக்கடியைச் சேர்த்தன. அவற்றின்படி, பின்னணியில் ஓடும் நிரல் 30 வினாடிகள் வேலையின்றி இருந்தால் உலாவி அதை நிறுத்திவிடும். அதன் நினைவில் இருந்த சாவியும் போய்விடும். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால் பயனர் சலித்துப்போய் எளிய கடவுச்சொல்லுக்கு மாறுவார். திறந்த சாவியை வட்டில் எழுதினால் மறையாக்கத்துக்கே பொருளில்லை. இதற்கு இடைவழியாக 2022இல் வந்தது ‘செஷன் ஸ்டோரேஜ்’. அது நினைவகத்தில் மட்டும் இருக்கும், உலாவியை மூடினால் மறையும். இணையப் பக்கங்களுக்குள் செலுத்தப்படும் நிரல்துண்டுகளுக்கு இயல்பாகவே எட்டாது. வட்டில் எழுதும் பழைய சேமிப்பிடமோ, நிரலாளர் தடுக்காவிட்டால் அந்தத் துண்டுகளுக்கும் திறந்திருக்கும். ஒரே உலாவிக்குள் இருக்கும் இரண்டு சேமிப்பிடங்களில் எதில் எதை வைப்பது என்ற முடிவு, எந்த மறையாக்க முறையைத் தேர்வது என்பதைவிட இங்கே அதிகம் தீர்மானிக்கிறது.

நினைவகத்தில் இருப்பது நினைவகத்தோடு போய்விடும் என்று நம்புவதும் தவறு என்பதை 2022 ஜூனில் ஹால்போர்ன் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது. எதிர்பாராமல் மூடப்பட்ட உலாவி மீண்டும் திறக்கும்போது, பாதி நிரப்பிய படிவங்களைப் பழையபடி காட்டும் வசதி நமக்குத் தெரியும். அதற்காக உலாவி, எழுத்துப் பெட்டிகளில் உள்ளதை அவ்வப்போது வட்டில் எழுதி வைக்கிறது. மீட்புச் சொற்களை உள்ளிடும்போது அவற்றைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டச் சொன்ன சில பயனர்களின் சொற்களும் அப்படியே, மறையாக்கமின்றி, வட்டில் பதிந்திருந்தன. மெட்டாமாஸ்க், ஃபாண்டம், பிரேவ் உள்ளிட்ட வாலட்டுகள் இதனால் பாதிக்கப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்டன. வாலட் எழுதியவர்கள் மறையாக்கத்தில் பிழை செய்யவில்லை. உலாவியைச் செய்தவர்களும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். இரண்டு சரியான வேலைகள் சந்தித்த இடத்தில் கசிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் சொலானா என்ற கிரிப்டோ வலையமைப்பில் ஆயிரக்கணக்கான கணக்குகள் காலியானதற்கு ஸ்லோப் என்ற கைபேசி வாலட்டோடு தொடர்பு இருப்பது தெரியவந்தது. பிழைகளைப் பதிவுசெய்து அனுப்பும் வசதியின் வழியே, பயனர்களின் மீட்புச் சொற்கள் ஒரு சேவையகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டிலும் பூட்டு உடைபடவில்லை. பூட்டுக்கு வெளியே ஒரு நகல் இருந்தது.

மூன்றாவது தருணம் யார் கண்ணிலும் படாதது: சாவியைத் திறக்கும் நிரலே மாறிவிடுவது. ஒரு நீட்டிப்பு நூற்றுக்கணக்கான திறந்தமூலத் துணைநிரல்களைக் கோத்துக் கட்டப்படுகிறது. 2018இல் ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்ற பிரபலமான துணைநிரலைப் பராமரித்தவர், உதவ முன்வந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். புதியவர் அதற்குள் மறைத்துவைத்த நிரல், பிட்பே நிறுவனத்தின் கோபே வாலட்டுக்குள் சேர்ந்தால் மட்டுமே விழித்துக்கொள்ளும். 100 பிட்காயினுக்கு மேல் இருக்கும் கணக்குகளின் சாவியைத் தேடும். துணைநிரலை விட்டு நீட்டிப்பையே மாற்றுவதும் நடந்திருக்கிறது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, குரோம் அங்காடியிலிருந்து வந்ததுபோல் ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. அதில் கேட்ட அனுமதியை அவர் கொடுத்ததும், தீங்கான பதிப்பு ஒன்று அதிகாரபூர்வ அங்காடியிலேயே ஏறி, பயனர்களின் உலாவிகளுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. அது வாலட் நீட்டிப்பு இல்லை. ஆனால் வாலட் நீட்டிப்புகளும் அதே அங்காடி வழியாக, அதே தானியங்கிப் புதுப்பிப்பில்தான் வருகின்றன. இப்படி மாறிய நிரல் கடவுச்சொல்லை ஊகிக்கத் தேவையில்லை. பயனர் தாமே திறக்கும்வரை காத்திருந்தால் போதும். மெட்டாமாஸ்க் குழு உருவாக்கிய லாவாமோட் என்ற ஏற்பாடு, ஒவ்வொரு துணைநிரலும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வேலி போடுகிறது. ஏஇஎஸ் பூட்டைவிட அந்த வேலிக்கு இன்று அதிக வேலை இருக்கிறது.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, சாவியைக் கணினியிலேயே வைக்காமல் வன்பொருள் வாலட்டில் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பது. சாவி அந்தக் கருவியை விட்டு வெளியேறாது, கையொப்பம் மட்டுமே வரும் என்பதால், மேலே சொன்ன கசிவுகளில் பெரும்பாலானவை அடைபடும் என்பது உண்மை. ஆனாலும் 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தை ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தரிய நாணயங்களை இழந்தது. அங்கே சாவி திருடுபோகவில்லை. கையொப்பமிடுவோர் பார்த்த இணையப் பக்கத்தின் நிரல் மாற்றப்பட்டிருந்தது. திரையில் ஒன்றைக் காட்டி, கையொப்பத்துக்கு வேறொன்றை அனுப்பியது. உரியவர்கள் தங்கள் சாவியால் தாங்களே ஒப்பமிட்டார்கள். வட கொரியாவைச் சேர்ந்தவர்களே இதைச் செய்தார்கள் என்று எஃப்பிஐ அறிவித்தது. வன்பொருள், திறந்திருக்கும் நேரத்தைச் சுருக்குகிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. எதற்கு ஒப்பமிடுகிறோம் என்பதைக் கருவியின் சிறுதிரையில் படித்துப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், சாவி எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பம் அறிந்தவர்களிடமிருந்து வரும். உலாவிக்குள்ளேயே, வெளியே எடுக்க முடியாத சாவிகளை உருவாக்கும் வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் நிரல்கூடச் சாவியைப் பார்க்க முடியாதே என்பது அது. நல்ல யோசனை, தடையாக நிற்பது ஒரு வரலாற்றுத் தற்செயல். உலாவியின் அந்த வசதி பி-256 போன்ற சில நீள்வட்ட வளைவுகளை மட்டும் அறியும். பிட்காயினும் ஈத்தரியமும் செக்ப்256கே1 என்ற வேறொரு வளைவைத் தேர்ந்துகொண்டன. உலாவியின் உள்வசதிக்கு அது தெரியாது. அதனால் வாலட் நீட்டிப்பு தன் கையொப்பக் கணக்கைத் தானே ஜாவாஸ்கிரிப்டில் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குச் சாவி நினைவகத்தில் திறந்தே இருக்க வேண்டியிருக்கிறது. நிரலால் இயங்கும் கணக்குகள் பரவி, பேரேட்டில் பி-256 கையொப்பங்களும் வழக்கமாகும்போது இந்த இடைவெளி குறையும். அப்படி நடந்தால் அது இந்த வாதத்துக்கே சான்று: மறையாக்கத்தை வலுப்படுத்தாமலே, சாவி திறக்கும் இடத்தை மாற்றியதால் மட்டும் பாதுகாப்பு கூடியிருக்கும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரு சந்தை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமே என்று சாதாரணப் பயனர் கேட்பது நியாயம். சாவியைத் தொலைத்துவிடும் பயம் பலருக்கும் உண்டு. நிறுவனத்திடம் இருந்தால் கடவுச்சொல் மறந்தாலும் மீட்கலாம். ஆனால் இதில் ஆபத்து நீங்குவதில்லை, பெரிதாகி ஓரிடத்தில் குவிகிறது. இந்தியாவின் வசீர்எக்ஸ் சந்தை 2024 ஜூலையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை இழந்தபோது, அந்தத் தாக்குதல் தொடாத நாணயங்களை வைத்திருந்தவர்களும் எடுக்க முடியாமல் முடங்கினார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் பார்வையில் சொத்து என்று கூறியது. சட்டம் தரும் இந்தப் பாதுகாப்புக்கு மதிப்பு உண்டு. அது கிடைப்பது இழப்புக்குப் பின்னால், வழக்கு நடத்தி.

இவற்றிலிருந்து பயனருக்குக் கிடைக்கும் நெறிகள் சிலவே. அன்றாடச் செலவுக்கான சிறு தொகையை மட்டும் நீட்டிப்பில் வைத்துப் பெருந்தொகையை வன்பொருள் வாலட்டில் வைக்கலாம். கடவுச்சொல்லைத் தாமே யோசித்துத் தேர்வதைவிடப் பகடை உருட்டித் தேர்வது மேல். வாலட்டுக்கென்று உலாவியில் தனிச் சுயவிவரம் வைத்து, அதில் வேறு நீட்டிப்பு எதையும் சேர்க்காமல், வேலை முடிந்ததும் பூட்டிவிட வேண்டும். மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும். எந்த இணையப் பக்கம் கேட்டாலும் அவற்றைத் தட்டச்சு செய்யக் கூடாது. இந்த நெறிகள் எல்லாமே ரகசியம் வெளியில் இருக்கும் நேரத்தையும் இடத்தையும் குறைப்பவைதான். ஆனால் சுமை முழுவதையும் பயனர் தலையில் ஏற்றுவது முறையல்ல; 32 பிட் சாவியையோ வட்டில் பதிந்த படிவத்தையோ எந்தப் பயனராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. வாலட் நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்தில் எத்தனை பிட் மறையாக்கம் என்று சொல்வதில் பெருமை கொள்கின்றன. அந்த எண் பெரும்பாலும் எல்லோரிடமும் ஒன்றுதான். சாவி எந்த நொடியில் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, அப்போது எந்தெந்த நிரல்கள் அதன் அருகில் இருக்கின்றன என்பதை அவர்கள் வெளியிட வேண்டும்; தணிக்கை செய்பவர்கள் அதையே சோதிக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது அந்தக் கணக்குத்தான்.